இடது முன்சக்கரத்தின் இயல்பொலி

வாகனங்களைப் பழுது பார்ப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட இயக்ககம் அது. ஐந்து வருடமாக அங்கே ஒரு வாகனத்தையும் பழுது பார்க்கவில்லை. இதைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் அவர்களுக்கு விருது தரப்போகிறார்கள். கேடயத்தில் ‘பழுதற்ற ஐந்தாண்டு’ என்று எழுத்து வெட்டும் வேலைகூட முடிந்துவிட்டதாகக் கேள்வி. இயக்ககம் இருப்பது மலைமேல். விழா நடக்கப்போவது அடிவாரத்து நகரத்தில். நடுவே இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள்.

இயக்குநரின் காரை ஓட்டியவர் பதினோரு வருடமாகத் தற்காலிக ஓட்டுநர். தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்று சந்தேகம் உள்ளவர்கள் அவரைப் போய்ப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநர் மேஜைமேல் இருந்தது. விருது வரட்டும், கையெழுத்து போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். ஓட்டுநரும் விருது வரட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தார்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காரின் இடது முன்பக்கத்தில் சத்தம் வர ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் ஒரு ‘டொக்’. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினால் ‘டொக் டொக்’. நேரான சாலையிலும் கார் தன் பாட்டுக்கு ஓரம் பார்த்துப் போயிற்று. பிடித்து இழுத்து வைத்தால் சரி என்று கேட்டுக்கொண்டு, கொஞ்ச தூரத்தில் மறுபடி ஓரத்துக்கே போயிற்று.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் காரை மச்சானின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பக்கத்துத் தெருவில் தகரக் கூரை போட்ட மெக்கானிக் பட்டறை. சத்தத்தைக் கேட்டதுமே அவர் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் தூக்கினார். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினார். சக்கரம் ஆடுகிற பல்லைப் போல மேலே போய்க் கீழே வந்தது.

“மாப்ளே, இங்க விரலை வையி. தெரியுதா?”

“ஆடுது மச்சான்.”

“இதுக்குப் பேரு ஆடறதா? குதிக்குது. பால் ஜாயிண்ட் போச்சு.”

பால் ஜாயிண்ட் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும். கிண்ணத்துக்குள் ஒரு இரும்புக் குண்டு, நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. சக்கரத்தைக் காரோடு சேர்த்துப் பிடித்திருப்பதும், பிடித்தபடியே திரும்ப விடுவதும் அதுதான். மேலே மூடியிருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் வற்றி, துருப்பொடி உதிர்ந்தது.

“தரையில நிக்கறப்ப இந்த ஆட்டம் தெரியாது. வண்டி பாரம் அமுக்கிப் பிடிச்சுக்கும். தூக்கினாத்தான் குட்டு வெளிப்படும்” என்றார் மச்சான்.

“கழண்டா என்ன ஆகும்?”

“சக்கரம் படுத்துக்கும். ஸ்டீயரிங் உன் கையில இருக்கும், சக்கரம் அது இஷ்டத்துக்கு இருக்கும். தெருவுல ஆச்சுன்னா வண்டி அப்படியே உக்காந்துடும், நீ இறங்கி வந்து என்னைத் திட்டலாம். மலைப்பாதையில ஆச்சுன்னா திட்டறதுக்கு ஆள் இருக்காது.”

ஓட்டுநருக்கு இருபத்தேழு வளைவுகளும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. தான் வேலை செய்வது வாகனங்களைப் பழுது பார்க்கும் இயக்ககத்தில் அல்லவா? போய்ச் சொன்னால் ஒரு மணி நேர வேலை. அப்பாவி மனுஷன், அப்படித்தான் நினைத்தார்.

கண்காணிப்பாளர் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ஓட்டுநர் ‘பழுது’ என்று எழுதியதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வார்த்தை வேணாம். ‘பழுது போன்ற எண்ணம்’னு எழுதுங்க.”

“எண்ணம் இல்ல சார். நான் கண்ணால பார்த்தேன். என் மச்சான் ஜாக்கி போட்டுத் தூக்கிக் காட்டினாரு.”

கண்காணிப்பாளர் முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தூக்கினீங்களா?”

“தூக்காம எப்படி சார் பார்க்கறது?”

அவர் அலமாரியிலிருந்து சுற்றறிக்கை ஒன்றை எடுத்தார். எட்டு வருடத்துக்கு முன்னால், அப்போதிருந்த இயக்குநர் ஜாக்கியில் நின்ற ஜீப்பின்மேல் சாய்ந்து புகைப்படத்துக்கு நின்றிருக்கிறார். ஜாக்கி நழுவியது. அவருடைய செருப்பு ஒன்று சக்கரத்தடியில் போய்விட்டது. கால் தப்பியது, மானம் தப்பவில்லை. அன்றைக்கே உத்தரவு போட்டார்: இயக்ககத்தின் எந்த வாகனத்தையும் நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றிய நிலையிலேயே பரிசோதிக்க வேண்டும்.

“தரையில வெச்சா ஆட்டம் தெரியாதே சார்” என்றார் ஓட்டுநர்.

“தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம். எட்டு வருஷமா அப்படித்தான் பார்க்கறோம், ஒரு வண்டியிலயும் ஒரு ஆட்டமும் தெரிஞ்சதில்லை.”

பழுது போன்ற எண்ணத்தை விசாரிக்க மறுநாளே குழு கூடியது. இயக்குநர், துணை இயக்குநர், கண்காணிப்பாளர், பதிவேட்டு அதிகாரி அம்மா என்று நாலு பேர். கொடிக்கம்பத்துக்கு முன்னால், நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றிய நிலையில் கார் நின்றது. இயக்குநர் ஷூ நுனியால் டயரைத் தட்டினார். துணை இயக்குநர் கைக்குட்டையை விரித்து, அதற்கு மேலே இரண்டு விரலை வைத்துத் தள்ளினார். சக்கரம் அசையவில்லை.

“ஆடலையே” என்றார் இயக்குநர்.

“கொஞ்சம் தூக்கினா...”

“தூக்கற பேச்சே கூடாது. வேணும்னா நாங்க பாரம் கொடுத்துப் பார்க்கறோம். பாரம் ஏறினா எந்தக் குறையும் வெளிய வந்துடும்.”

நாலு பேரும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். நால்வரும் நல்ல தேக புஷ்டி உள்ளவர்கள். கார் முனகிக்கொண்டு தாழ்ந்தது. கிண்ணத்துக்குள் குண்டு இன்னும் இறுக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஓட்டுநர் வெளியே மண்டியிட்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து உலுக்கினார். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

“இப்ப ஆடுதா?” கண்ணாடியை இறக்கி இயக்குநர் கேட்டார்.

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன?”

ஓட்டுநர் விடவில்லை. ஒரு நடை ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். கொடிக்கம்பத்திலிருந்து வாசல் வரை தரை கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. வாசலில் ஒரு வேகத்தடை. கார் அதில் ஏறி இறங்கியதும் ‘டொக்’ என்றது. எல்லாருக்கும் கேட்டது. சாலையில் திரும்பினார், ‘டொக் டொக்’. காருக்குள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

துணை இயக்குநர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். “இது எத்தனை நாளா வருது?”

“ஒரு வாரமா சார்.”

“தினமுமா?”

“ஆமா சார். பள்ளத்துக்கு ஒண்ணு, திருப்பத்துக்கு ரெண்டு.”

“மாறாம வருதா?”

“மாறாம வருது சார்.”

“மாறாம, கணக்கா வர்ற ஒண்ணை எப்படிய்யா பழுதுன்னு சொல்றே? கடிகாரம் மணி அடிக்கறதைப் பழுதுன்னு சொல்லுவியா?”

பதிவேட்டு அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “வாகனத்தின் இயல்பொலின்னு எழுதிக்கட்டுமா சார்?”

இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. “எழுதுங்கம்மா, எழுதுங்க. ஒரு கஷ்டம் வந்தா அதுக்கு நல்ல பேரா வெச்சு உள்ள சேர்த்துக்கணும். நான் இந்தத் துறைக்கு வந்து கத்துக்கிட்ட பாடமே இதுதான்.”

அன்று சாயங்காலமே பதிவேட்டில் புதிய பத்தி ஒன்று ஏறியது. ‘இடது முன்சக்கரம். இயல்பொலி: டொக். பள்ளத்துக்கு ஒன்று, திருப்பத்துக்கு இரண்டு.’ வாரம் ஒரு முறை சரிபார்க்கப்பட வேண்டும் என்று கீழே குறிப்பு. நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்படியாக, காரில் பழுது இல்லை என்பதும் உறுதியாயிற்று, சத்தம் வருகிறது என்பதும் உறுதியாயிற்று. ஓட்டுநருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

“இயல்பொலின்னு எழுதிட்டாங்களா?”

“நாலு கையெழுத்தோட.”

“அவங்க எழுதினது சக்கரத்துக்குத் தெரியுமா?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். “ஞாயித்துக்கிழமை உனக்கு வேற வேலை எதுவும் வேணாம்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவ எடுத்துப்போக ஓட்டுநருக்கு அனுமதி உண்டு. கழுவும் இடம் இதுதான் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. பட்டறையில் மச்சான் சக்கரத்தைக் கழற்றினார். நட்டைப் பூட்டியிருந்த ஊசியைப் பிடுங்கினார், நட்டைத் தளர்த்தினார், பக்கவாட்டில் சுத்தியலால் நாலு அடி வைத்தார். பழைய ஜாயிண்ட் கழன்று வந்தது. கையில் நிமிர்த்தி வைத்தால் குண்டிலிருந்து நீண்ட தண்டு தூங்கி விழுகிற தலை போலச் சாய்ந்தது. புதியதை விரலால் அசைக்கவே முடியவில்லை, அவ்வளவு முறுக்கு. மாட்டி முடித்து, கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார். சக்கரம் சிவனே என்று இருந்தது.

ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார் ஓட்டுநர். பள்ளம் பார்த்து இறக்கினார், வேண்டுமென்றே ஒடித்துத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது அவருக்கு. மச்சான் பழைய ஜாயிண்டை ஒரு தாளில் சுற்றி, “ஞாபகத்துக்கு வெச்சுக்க” என்று கையில் கொடுத்தார்.

அந்த நிம்மதி புதன்கிழமை வரை இருந்தது.

புதன்கிழமை இயல்பொலியைச் சரிபார்க்கும் நாள். பதிவேட்டு அம்மா மடியில் பதிவேட்டை விரித்து, கையில் பேனாவோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கார் வேகத்தடையில் ஏறி இறங்கியது. அம்மா காத்திருந்தார்.

“வரலையே?”

“வராதும்மா.”

“இன்னொரு தடவை போங்க.”

ஏழு தடவை போனார்கள். ஏழாவது தடவை அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ‘இயல்பொலி காணவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, இறங்கி நேராக இயக்குநர் அறைக்குப் போனார். ஐந்து வருடத்தில் அந்தப் பதிவேட்டில் சிவப்பு மை பட்டது அதுதான் முதல் தடவை.

குழு மறுபடி கூடியது. ஓட்டுநரை நடுவில் நிறுத்தினார்கள்.

“சத்தம் எங்கேப்பா?” என்றார் இயக்குநர். கோபம் இல்லை, வருத்தம்தான்.

“சரி பண்ணிட்டேன் சார்.”

ஒரு கெட்ட வார்த்தையைக் கேட்டது போல நாலு பேரும் திடுக்கிட்டார்கள். பதிவேட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி பண்ணினேங்கறே. அப்படின்னா முன்ன சரியில்லாம இருந்துச்சுன்னு ஆகுது. சரியில்லாத வண்டிக்கு நாங்க நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம்னு ஆகுது. இதெல்லாம் யோசிச்சுப் பார்த்தியா?” இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போனார். “அங்க பாரு. ஐம்பத்து மூணு வண்டி நிக்குது. ஒண்ணாவது ஓடுதா? ஓடலை. ஓடாத வண்டி பழுதாகுமா? ஆகாது. இதை நிர்வாகம்னு சொல்றது. எனக்கு முன்ன இருந்தவங்க வண்டியைத் திறந்து திறந்து பார்த்தாங்க, மாசத்துக்கு அறுபது பழுது கண்டுபிடிச்சாங்க. நான் வந்து பார்க்கறதை நிறுத்தினேன். பழுது நின்னுபோச்சு. இந்த அலுவலகத்துலயே ஓடிக்கிட்டிருக்கறது உன் வண்டி ஒண்ணுதான். உன்னாலதான் ஏதாவது வரும்னு எனக்கு எப்பவுமே ஒரு பயம் உண்டு.”

“சார், மலைப்பாதையில இறங்கறப்ப கழண்டா நீங்களும்தானே சார் உள்ள இருப்பீங்க?”

“உணர்ச்சிவசப்படாதே” என்றார் துணை இயக்குநர்.

முடிவு எழுதப்பட்டது. அனுமதி இல்லாமல் பொருத்தப்பட்ட நல்ல உறுப்பை அகற்றி, காரை அதன் பழுதற்ற பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். விழாவில் காரைப் பார்வைக்கு நிறுத்தப்போகிறார்கள். அங்கே நிற்க வேண்டியது ஐந்து வருடமாக யாரும் கைவைக்காத கார். அதற்கு முன்னால் வேலை முடிய வேண்டும்.

“கழட்டணும்னா தூக்கணுமே சார், தூக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே” என்று ஓட்டுநர் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்துப் பார்த்தார்.

கண்காணிப்பாளர் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். “பரிசோதிக்கத் தூக்கத்தான் தடை. நாம எதையும் பரிசோதிக்கப் போறதில்லையே” என்றார்.

விழாவுக்கு முந்தைய நாள் மச்சானை வரவழைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஸ்பேனரைக் கீழே போட்டார். “நல்லதைக் கழட்டிட்டுக் கெட்டதை மாட்டறதுக்கு என் கை வராது” என்றார். பட்டறை உரிமத்தைப் புதுப்பிக்கும் மேஜை தன்னுடையது என்று கண்காணிப்பாளர் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். மச்சான் குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

பழைய ஜாயிண்டை ஓட்டுநர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். மாட்டுவதற்கு முன்னால் குழு அதைக் கண்ணால் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்து நீட்டினார்கள்.

இயக்குநர் அதைக் கையில் எடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பால் ஜாயிண்டைத் தொடுகிறார். தண்டை நிமிர்த்தினார். சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது. துணை இயக்குநர் வாங்கி, தண்டைப் பிடித்து லேசாக இழுத்தார். உள்ளே இருந்த குண்டு கிண்ணத்தின் விளிம்பு வரை எட்டிப் பார்த்தது. அவர் அவசரமாகக் கட்டை விரலால் அதை உள்ளே அழுத்திவிட்டார். கண்காணிப்பாளரிடம் போனது. அவர் தொடவில்லை, குனிந்து பார்த்தார். பதிவேட்டு அம்மா நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்.

ஒரு நிமிஷம் அங்கே யாரும் பேசவில்லை. அவ்வளவு பெரிய மௌனத்தில் உண்மை வந்து நடுவில் நின்றதாகத்தான் ஓட்டுநருக்குத் தோன்றியது. இப்போது சொல்லிவிடுவார்கள் என்று அவர் காத்திருந்தார்.

“இதுல ஒண்ணும் இருக்கறதாத் தெரியலையே” என்றார் இயக்குநர். நாலு பேரும் ‘நல்ல நிலை’ என்று கையெழுத்துப் போட்டார்கள். கைவிரலில் ஒட்டிய கிரீஸை இயக்குநர் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மாட்டி முடித்தார். யாரும் மறுபடி எதையும் சரி பண்ணிவிடாதபடி நட்டின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, கண்காணிப்பாளர் முத்திரை குத்தினார். கார் வேகத்தடையில் ஏறி இறங்கியது. ‘டொக்.’ பதிவேட்டு அம்மா நீல மையில் எழுதினார். இயக்குநர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

போகும்போது மச்சான் ஓட்டுநரின் தோளில் கைவைத்தார். “மாப்ளே, இதுல நீ மலை இறங்கினா என் தங்கச்சி முகத்துல நான் முழிக்க முடியாது” என்றார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு இயக்குநர் ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எனக்கு ரெண்டு நாளா லேசாத் தலை சுத்துது. கார்ல வளைவு ஒத்துக்காது. நான் பஸ்ல வந்துடறேன். நீ காலையில ஆறு மணிக்குக் கிளம்பிடு. விழா மைதானத்துல பத்து மணிக்குக் கார் நிக்கணும். கீழ வந்தவுடனே உன் கோப்பை எடுத்துடலாம்.”

நாலே முக்காலுக்குத் துணை இயக்குநர் வந்தார். கீழே போகிற வழியில் ஒரு நண்பரைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். நண்பர் வீட்டு வாசலில் பஸ்தான் நிற்குமாம். ஐந்து மணிக்குக் கண்காணிப்பாளர். அவருக்கு முன்சீட்டில் உட்காரும் தகுதி இல்லை, பின்சீட்டில் உட்கார்ந்தால் முதுகுவலி. கடைசியாகப் பதிவேட்டு அம்மா வந்து, தன் எடையால் காருக்குச் சிரமம் வேண்டாம் என்றார்.

“யாருமே வரலைன்னா கார் எதுக்கும்மா?” என்றார் ஓட்டுநர்.

“விருதே காருக்குத்தானேப்பா” என்றார் அம்மா. பிறகு ஏதோ தோன்றியவராக, “பார்த்து மெதுவாப் போங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

ஓட்டுநர் வீட்டுக்கு நடந்தே போனார். மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நாலு பேரும் பஸ்ஸா?”

“நாலு பேரும்.”

“அப்ப அவங்களுக்கு நல்லாத் தெரியுது.”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர்களுக்குப் புரியவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால், இன்னும் ஒரு முறை ஓட்டிக் காட்டினால் புரிந்துவிடும் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவருக்குக் கோபம் வந்தது.

“வேலை நிரந்தரமாகறது இருக்கட்டும்” என்றாள் அவள். “நாளைக்குச் சாயங்காலம் நீங்க இந்த வீட்டுக்குள்ள வரணும். அதுக்கு யார்கிட்டங்க எழுதி வாங்கறது?” அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு இயக்ககத்து ஷெட்டில் ஓட்டுநர் காரைத் துடைத்தார். கண்ணாடிகளைத் துடைத்தார். உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் கைவைத்தார். பதினோரு வருடமாக அவர் கைக்குப் பழகிய ஸ்டீயரிங். அதன்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறகு இறங்கி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

அடிவாரம் போகிற முதல் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஏறிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாகச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு இயக்குநர். நாலு வரிசை தள்ளித் துணை இயக்குநர், யாரோ ஒருவருடைய மூட்டைக்குப் பின்னால். கடைசி நீள சீட்டின் நட்டநடுவில், முதுகுக்குச் சாய்மானம்கூட இல்லாமல் கண்காணிப்பாளர். பெண்கள் சீட்டில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பதிவேட்டு அம்மா. ஒருவரை ஒருவர் பார்த்ததாக நாலு பேரும் காட்டிக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பியது.

ஓட்டுநர் இயக்குநரின் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இயக்குநர் சால்வையை விலக்கினார். “நீ எங்க இங்க? கார் எங்க?”

“ஷெட்ல நிக்குது சார்.”

“அங்க நின்னா? பத்து மணிக்கு மைதானத்துல இருக்கணும்னு சொன்னேனே! யார் ஓட்டிட்டு வர்றது?”

“அதைத்தான் சார் கேக்கலாம்னு வந்தேன்.” ஓட்டுநர் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. “நல்ல நிலைன்னு கையெழுத்துப் போட்ட நாலு பேரும் இங்கதான் இருக்கீங்க. நாலு பேருக்கும் வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கு. யாராவது ஒருத்தர் இறங்கிப் போய் எடுத்துட்டு வாங்க சார். இன்னும் ஊர் தாண்டலை, நிறுத்தச் சொல்றேன்.”

இயக்குநர் சாவியைப் பார்த்தார். திரும்பித் துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் மூட்டையைப் பார்த்தார். கண்காணிப்பாளருக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ தெரிந்தது. பதிவேட்டு அம்மா பதிவேட்டை மூடி, இரண்டு கையாலும் அதன்மேல் அழுத்திக்கொண்டார்.

“எனக்கும் வீட்டுல ஒருத்தி இருக்கா சார்” என்றார் ஓட்டுநர்.

சாவி நீட்டியபடியே இருந்தது. பஸ் கடைசி வீட்டைத் தாண்டியது. பின்னாலிருந்து கண்டக்டர் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்து இயக்குநரின் சீட்டருகே நின்றார். விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கட்டைப் பிரித்தார்.

“எத்தனை சார்?”

முதல் வளைவுக்காகப் பஸ் டிரைவர் கியரைக் குறைத்தார்.

“அஞ்சு” என்றார் இயக்குநர், யாரையும் பார்க்காமல்.